பின் சீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். எனக்கு ஆபீஸ் பெல்லந்தூரில். அவுட்டர் ரிங் ரோடு வழியாக தினமும் நானே ஓட்டிப் போகிறேன். இப்போது இருப்பது 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல். அதைக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் ஒன்று எடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு. எனக்கு ஹூண்டாயின் ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் ஐ20 என் லைன் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். இல்லையென்றால் நல்ல நிலையில் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. கணவரோ, "அதெல்லாம் காலேஜ் பசங்க வண்டி, இடுப்பு ஒடிஞ்சிடும், பேசாம ஒரு காம்பாக்ட் எஸ்யூவி எடு" என்கிறார். மாதம் ஒருமுறை நாமக்கல் போய் வருவோம். அத்தைக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை. மகளுக்கு ஏழு வயது, தொப்பூர் இறக்கத்தில் வாந்தி எடுத்துவிடுவாள். மழையோ வெயிலோ, வருடம் முழுக்க எங்களுக்கு இந்த ஒரே வண்டிதான். ஆன்ரோடு 14 லட்சம் வரை முடியும். ஊரில் டிஎன் 28 நம்பரில் எடுத்தால் வரி மிச்சம் என்று கொழுந்தனார் சொல்கிறார். அதுவும் சரியா என்று சொல்லுங்கள்.

- ராமமூர்த்தி நகர் வாசகி

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் எல்லாமே இடுப்பை ஒடிக்காது, சிலது ஒடிக்கும். எஸ்யூவி என்றாலே சொகுசு என்பதும் கிடையாது. உங்கள் வீட்டைப் பொறுத்தவரை இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் மகளுக்கும் அத்தைக்கும் வேண்டியது ஒரே மாதிரியான வண்டி இல்லை. கிட்டத்தட்ட நேரெதிர். அதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் சுலபமாகிவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

குழந்தைகளுக்குக் குமட்டல் வருவது பெரும்பாலும் மெதுவான ஆட்டத்தால். நொடிக்கு அரைத் தடவைக்கும் குறைவாக மேலும் கீழும், இடமும் வலமும் போய்வரும் ஊசலாட்டம்தான் வயிற்றைப் புரட்டும். தொப்பூர் கணவாயில் வளைவுக்கு வளைவு வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்கிறதே, அதுதான். மெத்துமெத்தென்று இருக்கும் வண்டியில் இந்தச் சாய்வு அதிகம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும் வண்டியில் குறைவு. அதனால் உங்கள் மகளுக்கு என் லைன் மாதிரி வண்டி நல்லதுதான். (ஓட்டுகிறவர் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பதமாகப் பிடிப்பது இதைவிட முக்கியம். அது உங்கள் கணவருக்கான செய்தி, ஊர்ப் பயணத்தில் அவர்தான் ஓட்டுவார் என்று ஊகிக்கிறேன்.)

அத்தையின் முதுகு கேட்பது வேறு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு செங்குத்தான அதிர்வில் மிகவும் நோவது நொடிக்கு நாலு முதல் எட்டுத் தடவை வரையிலான நடுக்கத்தில். அந்த வேகத்தில் முதுகெலும்பு தானும் சேர்ந்து குலுங்கும். ஹம்ப் மேல் ஏறும்போது வரும் ஒரே ஒரு தூக்கிப் போடலைவிட, சின்னச் சின்னப் பள்ளங்களும் பேட்ச் போட்ட தாரும் தொடர்ச்சியாகத் தரும் தடதடப்புதான் டிஸ்க் நோயாளிகளை வாட்டும். நீங்கள் பார்க்கிற வண்டியில் பிரச்சினை வருமென்றால் இந்த இடத்தில்தான் வரும்.

ஷோரூமில் "சஸ்பென்ஷன் கொஞ்சம் ஸ்டிஃப் மேடம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஒரு கார் கம்பெனியில் இந்தப் பிரிவிலேயே வேலை பார்த்தவன் என்பதால் நான் அப்படி முடிக்க மாட்டேன். இறுக்கம் வேறு, முரட்டுத்தனம் வேறு. இறுக்கமான வண்டி மேட்டில் ஏறி இறங்கியதும் ஒரே அசைவில் நின்றுவிடும். முரட்டு வண்டி ஒவ்வொரு கல்லையும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே போகும். முதலாவது, பெரும்பாலும் ஷாக் அப்சார்பரை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதால் வருவது. இரண்டாவதில் டயருக்கும் சக்கர அளவுக்கும் பெரிய பங்கு உண்டு. கூர்மையான பள்ளத்தின் விளிம்பில் முதல் அடியை வாங்குவது டயரின் பக்கச் சுவர். அது எவ்வளவு உயரமோ அவ்வளவு மெத்தை.

அந்த உயரத்தை நீங்களே கணக்குப் போடலாம். ஐ20 என் லைனில் வருவது 195/55 ஆர்16. 195 மி.மீ. அகலத்தில் 55 சதவீதம், அதாவது சுமார் 107 மி.மீ. பக்கச் சுவர். பின்னால் நான் சொல்லப்போகும் மாருதி ஃப்ரான்க்ஸில் 195/60 ஆர்16, அது 117 மி.மீ. இந்த ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும், மகாதேவபுரா சர்வீஸ் ரோட்டில் சின்னதாக இருக்காது. டெலிவரி எடுத்த மறு வாரமே 17 இஞ்ச் அலாய் மாட்டுகிற பழக்கம் இந்த ஊரில் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் கேள்வியில் 'கம்ஃபர்ட்' என்ற பக்கம் அத்தோடு முடிந்துவிடும்.

எஸ்யூவிக்கு வருவோம். உயரமான வண்டி வளைவில் சாயும். சாயாமல் இருக்க ஸ்பிரிங்கையும், இரு பக்கச் சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் கம்பியையும் இறுக்கமாகப் போடுகிறார்கள். விளைவு, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருப்பவர்களின் தலை இடவலமாக ஆடும். உயரம் கூடக்கூட இந்தத் தலையாட்டம் பெரிதாகத் தெரியும். நாலு மீட்டருக்குட்பட்ட சில எஸ்யூவிகளில் இது ஐ20-யைவிட மோசம். ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் கணவர் கேள்விக்கிடமில்லாமல் சரி: ஏறி இறங்குவது. டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களுக்குப் பயணத்தைவிடக் கஷ்டம், தாழ்ந்த சீட்டிலிருந்து எழுந்து வெளியே வருவதுதான். சீட் அவர் இடுப்புக்குச் சரியான உயரத்தில் இருந்தால் உட்கார்ந்து அப்படியே காலை வெளியே திருப்பலாம். ஹேட்ச்பேக்கில் உட்காரக் குனிந்து தாழ வேண்டும், வெளியே வரக் கீழிருந்து எழ வேண்டும். இதைச் சாலையில் அளக்க முடியாது, அத்தையையே உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது கியர்பாக்ஸ். தினமும் நீங்கள் வாழப் போவது அதோடுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் லைனில் இருக்கும் 7 கியர் டிசிடி, உலர் கிளட்ச் வகை. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றது இரட்டைப்படைக்கு. ஓடும்போது அடுத்த கியர் தயாராகவே நிற்கும், மாறுவது தெரியாது. ஹோசூர் தாண்டிய பிறகு இது அருமையான சமாச்சாரம். உங்கள் வழியில் வரும் டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் அப்படியில்லை. மணிக்கு மூணு, நாலு கிலோமீட்டரில் வண்டி ஊரும்போது முதல் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கினால் சூடு. எண்ணெய்க் குளியலில் இருக்கும் கிளட்ச் என்றால் எண்ணெய் சூட்டை எடுத்துப் போய்விடும், உலர் கிளட்சுக்கு அந்த வசதி இல்லை. சூடு ஏறினால் முதலில் லேசான உதறல், அப்புறம் டேஷ்போர்டில் எச்சரிக்கை.

இதற்காக டிசிடியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓட்டுகிற விதத்தில் பாதி சமாளித்துவிடலாம். முன்னால் இருக்கும் வண்டி ஒரு அடி நகர்ந்தால் நீங்களும் ஒரு அடி நகராதீர்கள். ஒன்றரை வண்டி இடைவெளி விழும்வரை பிரேக்கை முழுதாக அழுத்தி நில்லுங்கள், பிறகு ஒரே மூச்சில் போங்கள். பின்னால் ஆட்டோக்காரர் ஹார்ன் அடிப்பார், இடைவெளியில் ஒரு ஸ்கூட்டர் நுழையும், நுழையட்டும். கே.ஆர்.புரம் ஹேங்கிங் பிரிட்ஜ் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்துவது டிசிடிக்கு மிகக் கெட்டது. அங்கே பிரேக்கில் நில்லுங்கள், கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் ஹில் அசிஸ்ட் பார்த்துக்கொள்ளும். இந்தப் பழக்கம் வருமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வராது என்றால் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் பக்கம் போவதே நல்லது. அதில் சக்தி திரவத்தின் வழியே போவதால் ஊர்வது அதற்குச் சிரமமே இல்லை.

பழைய வண்டிச் சந்தையில் ஒரு எச்சரிக்கை. 2021-ல் வந்த முதல் என் லைன்களில் ஐஎம்டி என்ற ஒன்று இருந்தது. கிளட்ச் பெடல் இருக்காது, ஆனால் கியரை நீங்கள்தான் மாற்ற வேண்டும். 2023-ல் அதை எடுத்துவிட்டு வழக்கமான 6 கியர் மேனுவல் கொடுத்தார்கள். "கிளட்ச் கிடையாது மேடம், ஆட்டோமேட்டிக் மாதிரிதான்" என்று யாராவது விற்க வந்தால், அது இதுதான்.

இப்போது என்ஜின். உங்கள் பழைய ஸ்விஃப்ட்டின் 1.3 லிட்டர் டீசல் 75 குதிரைத்திறன்தான், ஆனால் 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க் (வண்டியை இழுக்கும் திருகு விசை) தரும். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அந்த உந்தலுக்குப் பழகிய கால் உங்களுடையது. இன்றைக்கு இருக்கும் 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக் எதை எடுத்தாலும் 112, 115 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் என்ஜின் அலறும்போது. "புது வண்டி, ஆனா இழுக்கவே மாட்டேங்குது" என்று டீசலிலிருந்து மாறியவர்கள் பலர் என்னிடம் குறைப்படுவது இதனால்தான். என் லைனின் 1 லிட்டர் டர்போ 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர். அதில் டார்க் 1,500 ஆர்பிஎம்மிலிருந்தே கிடைக்கும். உங்கள் ஆசை வீண் ஆசை இல்லை, காலுக்குத் தெரிந்த தேவை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெங்களூருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்பது சதவீதம் குறைவு. டர்போ இல்லாத என்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இங்கேயே இழந்துவிடுகிறது. டர்போ காற்றை அமுக்கி அனுப்புவதால் அதற்கு இந்த நஷ்டம் பெரும்பாலும் தெரியாது. நாமக்கல்லில் நன்றாக இழுத்த கொழுந்தனார் வண்டி இங்கே வந்ததும் சோம்புகிறது என்றால் ஆச்சரியப்பட வேண்டாம்.

டர்போவின் குறையும் சொல்லிவிட வேண்டும். மூன்று சிலிண்டர் என்ஜின், சிக்னலில் நிற்கும்போது லேசான நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரியும். நகர நெரிசலில் மைலேஜ் ஒற்றை இலக்கத்துக்குப் போகும் நாட்களும் உண்டு. டீசலிலிருந்து வரும் உங்களுக்கு முதல் மாத பெட்ரோல் பில் கசக்கும். எக்ஸாஸ்ட் சத்தத்தையும் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும், அத்தைக்குப் பிடிக்குமா தெரியாது.

ஏன் இங்கே எல்லா ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்கும் இப்படி ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போவாகவே இருக்கிறது என்று கேட்பீர்கள். வரிதான். பெட்ரோல் வண்டி 4 மீட்டர் நீளத்துக்குள்ளும் 1,200 சிசிக்குள்ளும் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். இந்த இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் 40. 2025-ல் இறக்குமதியாக வந்த ஃபோக்ஸ்வாகனின் ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக் கோல்ஃப் ஜிடிஐ-யின் விலை 53 லட்சம் என்பதை நினைத்துக்கொண்டால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஐ20 எவ்வளவு நியாயமான ஆசை என்று கணவருக்குப் புரியும்.

போலோ. எனக்குப் பிடித்த வண்டி, ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்பேன். ஜிடி டிஎஸ்ஐ-யில் இரண்டு தலைமுறை உண்டு. 2013 முதல் வந்தது 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 105 குதிரைத்திறன், 7 கியர் டிஎஸ்ஜி (டிசிடிக்கு ஃபோக்ஸ்வாகன் வைத்த பெயர்). அந்த டிஎஸ்ஜியும் உலர் கிளட்ச்தான். மேலே டிசிடிக்குச் சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்தும். கூடவே அதில் கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் பாகம் செலவு வைக்கக்கூடியது என்று இந்த வண்டியைக் கையாளும் எந்த மெக்கானிக்கும் சொல்வார். இத்தனை வருடம் பெங்களூரு நெரிசலில் ஊர்ந்த கிளட்ச்சை நீங்கள் வாங்க வேண்டுமா? 2020 முதல் வந்தது 1 லிட்டர், 110 குதிரைத்திறன், 6 கியர் டார்க் கன்வெர்ட்டர். இது நம்பகமான ஜோடி. தனியாக ஓட்டுகிறவர் கேட்டிருந்தால் இதைத் தேடிப் பிடியுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்குத் தடை பின் சீட். போலோவின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2,470 மி.மீ. அளவில், ஐ20-யுடையது 2,580. அந்தப் பதினோரு சென்டிமீட்டரில் பெரும்பகுதி பின்னால் இருப்பவரின் முழங்காலுக்குப் போகிறது. முதுகு வலிக்காரரை இருநூற்றைம்பது கிலோமீட்டர் அங்கே மடக்கி உட்கார வைக்க முடியாது. 2022-ல் இங்கே விற்பனையை நிறுத்திவிட்ட வண்டி என்பதும், எல்லா பங்கிலும் இப்போது இருக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காக உருவாக்கப்பட்டதல்ல என்பதும் கூடுதல் காரணங்கள். ஒருவேளை மனசு கேட்காமல் எடுத்தே தீருவீர்கள் என்றால், சக்தியைக் கூட்ட என்ஜினின் கணினியை ரீமேப் செய்த வண்டியா என்று ஸ்கேன் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இந்த ஊரில் ஜிடி டிஎஸ்ஐ வைத்திருப்பவர்களில் அந்த ஆசை இல்லாதவர்கள் குறைவு.

2024-ல் வந்த டாடா ஆல்ட்ராஸ் ரேசரை நீங்கள் குறிப்பிடவில்லை. 120 குதிரைத்திறன், கதவுகள் 90 டிகிரி திறக்கும், வயதானவர்கள் ஏற வசதி. மேனுவல் மட்டும்தான் வந்தது என்பதால் உங்கள் கணக்கில் வராது.

நீங்களும் கணவரும் சந்திக்கக்கூடிய நடுப்புள்ளி ஒன்று உண்டு: மாருதி ஃப்ரான்க்ஸ் 1 லிட்டர் டர்போ, 6 கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். பலேனோவின் உடம்பைக் கொஞ்சம் உயர்த்திய வண்டி. தரையிடைவெளி 190 மி.மீ., என் லைனில் 170. 100 குதிரைத்திறன், 148 நியூட்டன் மீட்டர். ஓட்டுவதில் என் லைனின் கூர்மை இருக்காது, ஸ்டீயரிங் பேசாது. ஆனால் நெரிசலில் கியர்பாக்ஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம், பள்ளங்களை மெத்தையாக வாங்கும். 'வேகமான வண்டி வேண்டும்' என்பது உங்கள் ஆசையென்றால் இது போதும். 'ஓட்டுவது பிடிக்க வேண்டும்' என்பதென்றால் என் லைன்தான்.

170 மி.மீ. போதுமா என்ற பயமும் உங்கள் கணவருக்கு இருக்கும். இந்திய சாலை காங்கிரஸ் விதிப்படி ஹம்ப் 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், வட்ட வளைவாக இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் தாண்டுவதற்கானது. அப்படி ஒன்றை ராமமூர்த்தி நகர் உட்தெருக்களில் காட்டினால் சந்தோஷப்படுவேன். லேஅவுட் ஆட்களே கூடிக் கட்டுகிற ஹம்ப் குட்டைச்சுவர் மாதிரி நிற்கும். நாலு பேர், டிக்கியில் ஊரிலிருந்து அரிசி, தேங்காய் என்றால் பின்பக்கம் மூணு நாலு செ.மீ. இறங்கிவிடும். அப்போது அந்த ஹம்ப்களில் கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். உங்கள் ஸ்விஃப்ட்டும் இதே உயரம்தான், நீங்கள் ஏற்கெனவே அப்படித்தான் ஏற்றிக்கொண்டிருப்பீர்கள்.

வருடம் முழுக்க என்று கேட்டிருந்தீர்கள். இங்கே வெயில் ஒரு பிரச்சினையே இல்லை, ஏப்ரலில் கறுப்பு உட்புறம் கொஞ்சம் கொதிக்கும், அவ்வளவுதான். மழைதான் விஷயம். செப்டம்பர், அக்டோபரில் இந்த ஊரில் கொட்டுவது தெரியும். 2022 செப்டம்பரில் உங்கள் பெல்லந்தூர் பக்கமே ரிங் ரோடு ஏரியானது. தேங்கிய தண்ணீரில் ஆபத்து தரையிடைவெளியைப் பொறுத்தது மட்டுமில்லை, என்ஜின் காற்று உறிஞ்சும் வாயின் உயரத்தையும் பொறுத்தது. தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் இரண்டு விதி. சக்கரத்தின் மையம் வரை தண்ணீர் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். உள்ளே வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளித்தான் எடுக்க வேண்டும். சாதாரண இன்சூரன்ஸ் இதற்குப் பெரும்பாலும் கைவிரிக்கும், 'என்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அண்டர்பாஸ் எதிலும் மழையில் இறங்காதீர்கள், உயரமான வண்டியாக இருந்தாலும். 2023 மே மாதம் கே.ஆர்.சர்க்கிள் அண்டர்பாஸில் ஒரு பெண் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

டயர் பட்டன் ஆழம் சட்டப்படி 1.6 மி.மீ. வரை செல்லும். ஆனால் 3 மி.மீ.க்குக் கீழே வந்தாலே மழைப்பிடிப்பு வெகுவாகக் குறையும். ஜூனுக்கு முன் மாற்றிவிடுவது நல்லது. தொப்பூர் இறக்கத்துக்கு ஒரு வார்த்தை: என் லைனில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் உண்டு. அதற்காக பிரேக்கிலேயே இறங்கச் சொல்லி டிசிடியை டி-யில் விட்டுவிடாதீர்கள். மேனுவல் மோடுக்கு மாற்றி மூன்றாவது கியரில் இறங்குங்கள். வேகம் சீராக இருந்தால் மகளின் வயிறும் அமைதியாக இருக்கும்.

சரி, டெஸ்ட் டிரைவ். இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். ஷோரூம்காரர் உங்களைக் காலியான ரோட்டுக்குக் கூட்டிப்போய் "மிதிங்க மேடம்" என்பார். வண்டி பாயும், மனசும் பாயும். அது உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், அதற்கு டெஸ்ட் டிரைவ் வேண்டாம். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவருவார்கள். கிளம்புவதற்கு முன் டயரில் காற்று எவ்வளவு என்று பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதிகக் காற்றோடு வரும் டயரை அப்படியே விட்டுவைப்பது சகஜம். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் குறைத்த பிறகுதான் சவாரி எப்படி என்பதே தெரியும். அதிகக் காற்றோடு ஓட்டிப் பார்த்துவிட்டு நல்ல வண்டியை 'முரடு' என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

பிறகு கணவரை ஓட்டச் சொல்லுங்கள். நீங்களும் அத்தையும் பின்னால். அத்தை வழக்கமாக எந்தப் பக்கம் உட்காருவாரோ அங்கே, முன் சீட்டை உங்கள் வீட்டு அளவுக்கு நகர்த்தி வைத்து. உங்கள் தெருவிலேயே 15 கி.மீ. வேகத்தில் ஹம்ப் ஹம்ப்பாக ஏறி இறங்கி, மெட்ரோ வேலை நடந்து பெயர்ந்து கிடக்கும் சர்வீஸ் ரோட்டில் 30-ல் கொஞ்ச தூரம் போகட்டும். அங்கே வரும் தடதடப்பைத்தான் நான் முதலில் சொன்னேன். அத்தையைக் கேட்க வேண்டாம், "பரவாயில்லம்மா" என்றுதான் சொல்வார். கை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலே உள்ள பிடியைத் தேடிப் பிடித்துவிட்டார் என்றால் பதில் கிடைத்துவிட்டது. இறங்கும்போது ஒரே முயற்சியில் எழுகிறாரா, கதவைப் பிடித்து இரண்டு தடவை முயல்கிறாரா என்பதையும் பாருங்கள். அதே நாள், அதே தெருவில் ஃப்ரான்க்ஸையும் இப்படியே ஓட்டிப் பாருங்கள். இரண்டு நாள் இடைவெளி விட்டால் உடம்பு மறந்துவிடும்.

என் ஊகம்: அத்தை என் லைனில் சமாளித்துவிடுவார், ஏறி இறங்கத்தான் கொஞ்சம் கஷ்டப்படுவார். அப்படியென்றால் என் லைன் டிசிடியையே எடுங்கள், எக்ஸ்டெண்டட் வாரண்டியோடு. நெடுந்தூரத்தில் அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, சீட்டை உயரம் மாற்ற முடிந்தால் உயர்த்தி, சாய்மானத்தைச் சற்றே பின்னால் தள்ளுங்கள். மாதத்தில் ஒரு பயணத்தைக் காரணமாக வைத்து, தினமும் ஓட்டுகிற நீங்கள் பிடிக்காத வண்டியில் போக வேண்டியதில்லை. பிடியைப் பிடித்துவிட்டார் என்றால் ஃப்ரான்க்ஸ்.

கடைசியாக, கொழுந்தனாரின் டிஎன் 28 யோசனை. பழைய கணக்கு அது. 2023 நவம்பரில் தமிழ்நாடு வரியை உயர்த்திய பிறகு 10 முதல் 20 லட்சம் வரையான கார்களுக்கு அங்கே ஆயுள் வரி 18 சதவீதம். கர்நாடகாவில் அதே விலைக்கு 17, அதன்மேல் செஸ். சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான். தவிர, வேறு மாநில நம்பர் வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்து இந்த மாநில வரியைக் கட்ட வேண்டும். நாமக்கல்லில் கட்டியதைத் திரும்ப வாங்க என்ஓசி, மனு, அலைச்சல். ரிங் ரோட்டில் டிஎன் நம்பரைப் பார்த்தால் ஓரம் கட்டச் சொல்வது வேறு. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வழி வேறு இடத்தில் இருக்கிறது: கர்நாடகாவில் 5 முதல் 10 லட்சம் வரையான வண்டிக்கு 14 சதவீதம்தான். எந்த வேரியண்ட் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் தனித்தனியாகப் பிரித்து எழுதிய ஆன்ரோடு கொட்டேஷனாக ஷோரூமில் கேட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸை வெளியில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாலே அந்தத் தாளில் ஒரு எண் குறையும்.